தட்டணுவின் எண்ணிக்கையும் நடத்தையும்



தட்டணு என்றால் என்னவென்று இந்த அரங்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் டெங்கு வந்த வீட்டில், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, "பிளேட்லெட் எவ்வளவு? நேத்து எண்பதாயிரம், இன்னைக்கு நாற்பதாயிரம்தான்" என்று பேசாதவர்கள் குறைவு. பப்பாளி இலையை இடித்துச் சாறு பிழிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். நிலவேம்புக் குடிநீருக்கு வரிசையில் நின்றவர்களும் இருப்பீர்கள். அந்தக் காலங்கள் நம் மனதில் ஒரு கணக்கைப் பதித்துவிட்டன: தட்டணு குறைந்தால் ஆபத்து, லட்சத்தைத் தாண்டிவிட்டால் நிம்மதி. டெங்குவிலேயே இந்தக் கணக்கு பாதிதான் சரி. அங்கே உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதுதான். அது தனிச் சொற்பொழிவுக்கு உரிய விஷயம், இன்று வேண்டாம்.

சர்க்கரை நோய்க்கு வந்தால் அந்தக் கணக்கு முழுக்கவே உதவாது. "சார், எனக்கு பிளேட்லெட் ரெண்டரை லட்சம், நார்மல்னு போட்டிருக்கான். அப்புறம் எதுக்கு ரத்தம் உறையுதுன்னு பயமுறுத்துறீங்க?" என்று ஆய்வுக்கூட அறிக்கையை மேசையில் வைத்துக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இரண்டரை லட்சம் என்பது எத்தனை அணுக்கள் இருக்கின்றன என்பதை மட்டுமே சொல்கிறது. அவை சும்மா மிதந்து போகின்றனவா, தொட்டதற்கெல்லாம் திரண்டு கட்டியாகின்றனவா என்பதை அந்த எண் சொல்லாது. சர்க்கரை நோய் பெரும்பாலும் தட்டணுவின் எண்ணிக்கையைத் தொடுவதில்லை. அது கெடுப்பது நடத்தையை. இன்று மாலை நான் பேசப்போவது இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

தட்டணு முழுமையான அணுவே அல்ல. அதற்கு உட்கரு கிடையாது. எலும்பு மச்சைக்குள் மெகாகேரியோசைட் என்னும் மிகப் பெரிய அணு ஒன்று இருக்கிறது. அது ரத்தக் குழாய்க்குள் நீட்டும் மெல்லிய கிளைகளிலிருந்து உதிரும் துண்டுகளே தட்டணுக்கள். குறுக்களவு இரண்டு மூன்று மைக்ரான்தான். ஆயுள் ஏழு நாள், மிஞ்சினால் பத்து நாள். அதனால் நாள்தோறும் ஏறத்தாழ 10,000 கோடி புதிய தட்டணுக்களை உடம்பு உண்டாக்கியாக வேண்டும். 1880களின் தொடக்கத்தில் இத்தாலியின் தூரின் நகரத்து மருத்துவர் ஜூலியோ பிட்ஸோட்ஸெரோ, உயிருள்ள விலங்கின் மிக மெல்லிய ரத்தக் குழாய்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். குழாயின் சுவர் காயப்பட்ட இடத்துக்கு இவைதான் முதலில் வந்து ஒட்டுகின்றன என்று கண்டுசொன்னார். அதற்கு முன்பும் சிலர் இவற்றைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இவற்றுக்கு என்ன வேலை என்பதைக் காட்டியவர் அவர்.

நலமான ரத்தக் குழாயில் தட்டணுவுக்கு வேலையே கிடையாது. குழாயின் உட்பக்கம் ஒற்றை அடுக்கு அணுக்களால் ஆன உறை இருக்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடு, புரோஸ்டாசைக்ளின் என்னும் இரண்டு பொருள்களை ஓயாமல் சுரந்து தட்டணுவைத் தூங்கவைத்துக்கொண்டே இருக்கும். உறை கிழிந்தால் அடியிலுள்ள கொலாஜன் என்ற புரதம் வெளிப்படுகிறது. அதைத் தொட்ட தட்டணு சில நொடிகளுக்குள் தட்டை வடிவத்தை விட்டுக் கைகால் முளைத்ததுபோல விரிகிறது. தன்னிடம் பொதிந்து வைத்திருந்த ஏ.டி.பி. என்ற பொருளை வெளியே கொட்டுகிறது, தாம்பாக்சேன் என்ற பொருளை அந்த இடத்திலேயே தயாரிக்கிறது. இரண்டும் அக்கம்பக்கத்துத் தட்டணுக்களை எழுப்பிவிடுகின்றன. எழுந்தவை ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை நடுவில் வைத்து ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அந்தக் குவியலின் மேல் ஃபைப்ரின் இழைகள் படர்ந்து ரத்தக்கட்டி உறுதியாகிறது. காய்கறி நறுக்கும்போது விரலில் வெட்டு விழுந்தால் சில நிமிடங்களில் ரத்தம் நிற்பது இதனால்தான். இதே வேலை இதயத்து ரத்தக் குழாய்க்குள், உடைந்த கொழுப்புப் படிவத்தின் மேல் நடந்தால் அதன் பெயர் மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாயில் நடந்தால் பக்கவாதம்.

இந்தத் திரளலை அளந்து பார்க்க முடியும் என்று 1962-இல் காட்டியவர் குஸ்தாவ் போர்ன். தட்டணுக்கள் மிதக்கும் ரத்தநீர் கலங்கலாக இருக்கும், ஒளி அதை எளிதில் ஊடுருவாது. ஏ.டி.பி. சில துளி சேர்த்தால் தட்டணுக்கள் கட்டியாகத் திரள்கின்றன, நீர் தெளிகிறது, ஒளி அதிகம் ஊடுருவுகிறது. எவ்வளவு தெளிந்தது என்பதே அளவு. எத்தனை எளிய யோசனை பாருங்கள்! ஆனாலும் அரை நூற்றாண்டு ஆராய்ச்சியை அது தாங்கியது.   

இந்த முறையில் சோதித்தபோது, சர்க்கரை நோயாளிகளின் தட்டணுக்கள் பிறருடையவற்றைவிடக் குறைந்த தூண்டலிலேயே திரளத் தொடங்குவது தெரிந்தது. சர்க்கரை நோயில் தட்டணுக்களுக்கு ஒட்டும் தன்மை கூடுகிறது என்ற செய்தி 1960களிலேயே மருத்துவ இதழ்களில் வந்துவிட்டது. அறுபது ஆண்டாகத் தெரிந்த இந்தச் செய்தி நம் வீடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுகிறேன். "ரத்தத்துல சர்க்கரை ஏறி ஏறிப் பாகு மாதிரி கெட்டியாயிடுச்சு" என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ரத்தச் சர்க்கரை 100 என்றால் 100 மில்லி லிட்டருக்கு 100 மில்லி கிராம், அதாவது லிட்டருக்கு ஒரு கிராம். உடம்பில் ஐந்து லிட்டர் ரத்தம் இருப்பதாக வைத்துக்கொண்டால் மொத்தம் ஐந்து கிராம், ஒரு தேக்கரண்டி. சர்க்கரை 300 ஆனாலும் மூன்று தேக்கரண்டிதான். ஐந்து லிட்டரில் மூன்று தேக்கரண்டி போட்டால் அது பாகாகாது. சர்க்கரை ரத்தத்தைக் கெட்டியாக்குவதால் உறைதல் வருவதில்லை. சர்க்கரை மிகக் கடுமையாக ஏறி, உடம்பு நீரையெல்லாம் இழந்து மயங்கும் நிலை மட்டும் விதிவிலக்கு. அன்றாடம் நடக்கும் கெடுதல் அணுக்களுக்கு உள்ளே நடக்கிறது.

தசையும் கொழுப்பும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ள இன்சுலின் வேண்டும். தட்டணுவுக்கு அந்த அனுமதி தேவையில்லை. வெளியே எவ்வளவு சர்க்கரை இருக்கிறதோ அதற்கேற்ப உள்ளேயும் ஏறிவிடும். உள்ளே மிகுந்த சர்க்கரை, புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதியைக் கிளப்பிவிடுகிறது. தட்டணுவைத் திரளச் சொல்லும் கட்டளைகளில் ஒரு பகுதி அந்த நொதி வழியாகத்தான் போகிறது. கால்சியம் கூடுகிறது. எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் சேர்மங்கள் பெருகுகின்றன. தட்டணுவின் மேலுறைப் புரதங்களில் சர்க்கரை ஒட்டிக்கொள்வதால் உறையின் நெகிழ்வு குறைகிறது. மொத்தத்தில், பெரிய தூண்டல் வரும் வரை காத்திருந்த தட்டணு இப்போது சிறிய தூண்டலுக்கே எழுந்துவிடுகிறது. இதற்கு நாள்பட்ட நோயெல்லாம் வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு சில மணி நேரம் சர்க்கரை ஏறி நிற்கும்போதே தட்டணுக்களின் கிளர்ச்சி கூடுவதை அளந்திருக்கிறார்கள். மூன்று வேளையும் வெள்ளைச் சோறும், இட்லி தோசையும், நடுவில் டீயும் என்று போகும் நம் உணவு முறையில் இந்த ஏற்றம் ஒரு நாளைக்கு எத்தனை முறை வரும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

இன்சுலினின் பங்கு இதைவிடச் சுவாரசியமானது. தட்டணுவின் மேல் இன்சுலினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. சர்க்கரையை உள்ளே எடுக்க இன்சுலின் வேண்டாம் என்றால் அந்த ஏற்பிகள் எதற்கு? ஏ.டி.பி. வந்து "எழுந்திரு" என்று சொல்லும்போது, அந்தக் குரலைத் தணிக்க. நலமான மனிதரிடம் இன்சுலின் தட்டணுவுக்கு ஒரு தடுப்பு. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் தசையும் ஈரலும் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதில்லை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தட்டணுவும் அதே போல இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதை நிறுத்திவிடுகிறது. ரத்தத்தில் இன்சுலின் நிறையவே இருக்கும், ஆனால் தடுப்பு வேலை செய்யாது. சர்க்கரை அளவு இன்னும் எல்லை தாண்டாத, வயிறு மட்டும் முன்னே வந்துவிட்ட ஆட்களுக்கும் இந்த மாற்றம் ஓரளவு தொடங்கிவிடுகிறது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். நோய் என்று பெயர் வைப்பதற்கு முன்பே உறைதல் பக்கம் சாய்வு ஏற்பட்டுவிடுகிறது.

மூன்றாவது மாற்றம் தட்டணு பிறக்கும் இடத்தில். சர்க்கரை நோயில் தட்டணுக்கள் வேகமாகச் செலவாகின்றன, ஈடுகட்ட எலும்பு மச்சை அவசரமாகப் புதியவற்றை அனுப்புகிறது. இளம் தட்டணு அளவில் பெரியது, சரக்கும் அதிகம், திரளும் வேகமும் அதிகம். 2017-இல் வெளியான ஓர் ஆய்வு எலிகளில் இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பிரித்துக் காட்டியது. உயர் சர்க்கரையால் ஒருவகை வெள்ளையணுக்கள் ஒரு புரதத்தை வெளிவிடுகின்றன. அது ஈரலைத் தூண்டுகிறது, ஈரல் தட்டணு வளர்ச்சிக்கான சுரப்பைக் கூட்டுகிறது, எலும்பு மச்சை அதற்குக் கீழ்ப்படிகிறது. எலியின் சர்க்கரையைக் குறைத்தபோது இந்த உற்பத்தியும் அடங்கியது. ஆய்வுக்கூட அறிக்கையில் எம்.பி.வி. என்று ஒரு வரி இருக்குமே, தட்டணுவின் சராசரிக் கொள்ளளவு, அது சர்க்கரை நோயாளிகளிடம் சராசரியாகச் சற்றுக் கூடுதலாக இருப்பதற்கு இது ஒரு காரணம். உடனே வீட்டுக்குப் போய்ப் பழைய அறிக்கைகளைத் தேடாதீர்கள். ரத்தம் எடுத்த குழாய் மேசையில் இரண்டு மணி நேரம் கிடந்தாலே தட்டணு ஊதி அந்த எண் மாறிவிடும். தனி ஒருவருக்கு முடிவு சொல்ல அது உதவாது.

ரத்தக் குழாயின் உட்பக்க உறையைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தட்டணுவைத் தூங்கவைக்கும் நைட்ரிக் ஆக்சைடும் புரோஸ்டாசைக்ளினும் சர்க்கரை நோயில் குறைகின்றன. தட்டணுவைச் சுவரோடு ஒட்டவைக்கும் வான் வில்லிபிராண்ட் காரணி கூடுகிறது. பீடி, சிகரெட் பழக்கமும் இருந்தால் அதுவும் இதே திசையில்தான் தள்ளும்.

தட்டணு திரண்டதோடு கதை முடிவதில்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஏற்பாடும் நம் உடம்பில் இருக்கிறது. தேவை முடிந்ததும் பிளாஸ்மின் என்ற நொதி ஃபைப்ரின் இழைகளை அறுத்துக் கட்டியைக் கரைத்துவிடும். சர்க்கரை நோய் இங்கேயும் இரண்டு முட்டுக்கட்டை போடுகிறது. முதலாவது, இழைகளின் நெசவிலேயே மாற்றம். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்திலிருந்து ஆய்வுக்கூடத்தில் கட்டியை உண்டாக்கிப் பார்த்தால், இழைகள் நெருக்கமாகவும் கண்கள் சிறிதாகவும் இருக்கின்றன. மீன்வலைக்கும் கொசுவலைக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரைக்கும் நொதி கட்டியின் உள்ளே நுழையவே சிரமப்படுகிறது. ஃபைப்ரினோஜன் புரதத்திலேயே சர்க்கரை ஒட்டியிருப்பது இதற்கு ஒரு காரணம். ஃபைப்ரினோஜனின் அளவும் சர்க்கரை நோயில் கூடுதலாகவே இருக்கும்.

இரண்டாவது முட்டுக்கட்டை பி.ஏ.ஐ.-1 என்ற புரதம். பிளாஸ்மின் உருவாவதையே அது தடுக்கிறது. ஈரலும் குழாயின் உறையும் அதைச் சுரக்கின்றன, வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பும் சுரக்கிறது. ஒல்லியான கை, ஒல்லியான கால், நடுவில் மட்டும் தொப்பை என்ற உடலமைப்பு நம் நாட்டு ஆண்களிடம் எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்குத் தெரியும். எடை பார்க்கும் இயந்திரம் அவர்களைக் குற்றம் சொல்லாது. இடுப்புச் சுற்றளவு சொல்லும். எடையும் இடுப்பும் குறைந்தவர்களுக்கு பி.ஏ.ஐ.-1 இறங்குகிறது. நடைப்பயிற்சியின் பலன் என்றால் சர்க்கரை எண் குறைவது என்று மட்டுமே நினைக்கிறோம். ரத்தக்கட்டி கரைவதிலும் அதற்குப் பங்கு உண்டு என்பதைச் சொல்ல மருத்துவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை.

ஆக, சர்க்கரை நோயாளிக்கு ரத்தக்கட்டி எளிதில் உருவாகிறது, உருவானது எளிதில் கரைவதில்லை. இதன் விளைவை ஃபின்லாந்தில் கணக்கெடுத்தார்கள். 1998-இல் வெளியான அந்த ஆய்வில், ஏழு ஆண்டுகளில் சர்க்கரையும் இல்லாத, முன்பு மாரடைப்பும் வராத ஆட்களில் 3.5 விழுக்காட்டினருக்கு மாரடைப்பு வந்தது. சர்க்கரை இல்லாமல், ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்தவர்களில் 18.8 விழுக்காட்டினருக்கு மறுபடியும் வந்தது. சர்க்கரை மட்டும் இருந்து, மாரடைப்பே வந்திராதவர்களில் 20.2 விழுக்காட்டினருக்கு வந்தது. சர்க்கரை வந்துவிட்டாலே ஒரு மாரடைப்பு வந்ததற்குச் சமம் என்று அப்போது உலகெங்கும் பேசினார்கள். பிறகு வந்த ஆய்வுகள் அந்தக் கூற்றைத் தணித்திருக்கின்றன. நேற்றுக் கண்டுபிடித்த நோயும் இருபது ஆண்டு நோயும் ஒன்றல்ல. ஆனாலும் திசை மாறவில்லை. சென்னையில் தியாகராய நகர், திருமங்கலம் ஆகிய இரண்டு குடியிருப்புகளில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், இதயத்தின் ரத்தக் குழாய் நோய் சர்க்கரை அளவு இயல்பாக இருந்தவர்களில் 9.1 விழுக்காடு, சர்க்கரை நோயாளிகளில் 21.4 விழுக்காடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு 2023-இல் சொன்ன கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 விழுக்காடு.

இவ்வளவும் கேட்டதும் உங்களில் பாதிப் பேர் மனதில் ஆஸ்பிரின் என்று ஓடியிருக்கும். மருந்துக் கடையில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க்கு ஒரு அட்டை கிடைக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் போடுகிறார், நாமும் போட்டால் என்ன? இந்த ஆசைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கலிபோர்னியாவில் லாரன்ஸ் கிரேவன் என்றொரு மருத்துவர் இருந்தார். டான்சில் அறுவை செய்த நோயாளிகளுக்கு வலி குறைய ஆஸ்பிரின் கலந்த சூயிங்கம் கொடுப்பார். அதை அதிகம் மென்றவர்களுக்கு ரத்தம் நிற்கத் தாமதமாவதைக் கவனித்தார். ரத்தம் நிற்காமல் செய்யும் பொருள் இதயக் குழாயில் கட்டி வராமலும் தடுக்குமே என்று யோசித்து, நூற்றுக்கணக்கான ஆண்களுக்கும் பிறகு ஆயிரக்கணக்கானவர்களுக்கும் கொடுத்து, 1950களில் சிறிய இதழ்களில் எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க ஆஸ்பிரின் எடுக்காத குழு எதுவும் அவர் வைக்கவில்லை. மருத்துவ உலகம் கண்டுகொள்ளவில்லை. 1957-இல் அவரே மாரடைப்பில் இறந்தார். அவருடைய ஊகத்தின் அடிப்படை சரி என்பது பிறகுதான் தெரிந்தது. 1971-இல் லண்டனில் ஜான் வேன், ஆஸ்பிரின் வேலை செய்யும் வழியைக் கண்டுபிடித்தார், 1982-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

தாம்பாக்சேன் தயாரிக்கும் நொதியை ஆஸ்பிரின் நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. மற்ற அணுக்கள் புதிய நொதியைச் செய்துகொள்ளும். தட்டணுவுக்கு உட்கரு இல்லை என்று முதலில் சொன்னேன் அல்லவா, அதனால் அது முடங்கியது முடங்கியதுதான், சாகும் வரை. ஆஸ்பிரின் ரத்தத்தில் இருப்பது என்னவோ மிகக் குறைந்த நேரம், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். இருந்தும் ஒரு நாளைக்கு ஒரு சிறு மாத்திரை போதுமானது இதனால்தான். அறுவை சிகிச்சைக்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வதும் இதனால்தான், புதிய தட்டணுக்கள் வந்து சேர அவ்வளவு நாள் வேண்டும்.

சர்க்கரை நோயாளியிடம் இந்தக் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. புதிய தட்டணுக்கள் வேகமாக வந்துகொண்டே இருக்கின்றன என்று பார்த்தோம். காலை எட்டு மணிக்கு மாத்திரை போட்டால், மாலைக்குள் பிறந்து வந்தவை அந்த மருந்தைப் பார்த்ததே இல்லை. மறுநாள் விடியற்காலைக்குள், மாரடைப்பு அதிகம் வரும் அந்த நேரத்துக்குள், மருந்து தொடாத இளம் தட்டணுக்கள் கணிசமாகச் சேர்ந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு வேளையாகக் கொடுத்தால் தாம்பாக்சேன் நன்றாக அடங்குகிறது என்று ரத்தப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. பரிசோதனையில் எண் அடங்குவதும் நோயாளிக்கு மாரடைப்பு தவிர்வதும் ஒன்றல்ல. ஆகவே யாரும் இன்று இரவிலிருந்து இரண்டு மாத்திரையாக ஆக்கிவிட வேண்டாம்.

மாரடைப்போ ரத்தக்கட்டியால் பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு ஆஸ்பிரின் வேண்டுமா என்பதில் பெரிய விவாதம் இல்லை. சிலருக்கு அதோடு ஏ.டி.பி.யின் குரலைத் தடுக்கும் குளோபிடோக்ரல் போன்ற மருந்தும் சேரும். விவாதமெல்லாம் சர்க்கரை மட்டும் இருந்து, இதயத்தில் எந்தப் பிரச்சினையும் தெரியாதவர்களைப் பற்றியது. அதற்கான தெளிவான பதில் 2018-இல் பிரிட்டனிலிருந்து வந்தது. அசெண்ட் என்ற அந்த ஆய்வில் 15,480 சர்க்கரை நோயாளிகளில் பாதிப் பேருக்கு நாள்தோறும் 100 மில்லி கிராம் ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. சராசரியாக 7.4 ஆண்டு பின்தொடர்ந்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற கடுமையான பாதிப்பு ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 8.5 விழுக்காடு, எடுக்காதவர்களில் 9.6. பெரிய ரத்தக்கசிவு ஆஸ்பிரின் குழுவில் 4.1, மற்றதில் 3.2. ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால், ஏழு ஆண்டுக்கு மேல் மாத்திரை விழுங்கி, பதினொரு பேர் தப்பித்தார்கள், ஒன்பது பேருக்கு வயிற்றிலோ வேறெங்கோ ரத்தம் கசிந்தது.

இந்தப் பதினொன்றையும் ஒன்பதையும் எப்படி எடைபோடுவது? சில மருத்துவர்கள் "மாரடைப்பும் வயிற்றுக் கசிவும் சமமா?" என்று கேட்டு மாத்திரை பக்கம் சாய்வார்கள். நான் சாய்வதில்லை. எழுபது வயதுக்காரர், மூட்டு வலிக்கு அவ்வப்போது கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுபவர், முன்பு வயிற்றுப்புண் வந்தவர் ஆகியோருக்கு இந்த ஒன்பது இன்னும் கூடும். ஐம்பது வயதில், ரத்த அழுத்தமும் கொழுப்பும் கூடி, சிறுநீரில் புரதம் போகத் தொடங்கியவருக்குப் பலன் கூடுதலாக இருக்கலாம். உங்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரை அட்டையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது.

அப்படியானால் சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் தட்டணுவும் அடங்குமா? பெரும்பாலும் ஆம். மூன்று மாதச் சராசரி என்று நாம் பார்க்கும் எச்பிஏ1சி, 120 நாள் வாழும் சிவப்பணுக்களின் கணக்கு. தட்டணுவுக்கு ஆயுள் பத்து நாள்தான். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் தட்டணுக் கூட்டத்தின் குணம் அதைவிட விரைவாகவே மாறத் தொடங்கும். ரத்தக்கட்டியின் நெசவும் இளகுகிறது. ரத்தக் குழாயின் சுவருக்குத்தான் நீண்ட காலம் வேண்டும். பிரிட்டனில் 1977-இல் தொடங்கிய யு.கே.பி.டி.எஸ். ஆய்வு, புதிதாக நோய் கண்டவர்களுக்குக் கடுமையாகச் சர்க்கரையைக் குறைத்தால் மாரடைப்பு குறையுமா என்று பார்த்தது. 1998-இல் முடிவு வந்தபோது தெளிவான பதில் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு, கடுமையாகக் குறைத்த குழு, வழக்கமான சிகிச்சை பெற்ற குழு ஆகிய இரண்டின் சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்டது. ஆனாலும் 2008-இல் திரும்பப் பார்த்தபோது, தொடக்கத்தில் நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு மாரடைப்பு 15 விழுக்காடு குறைந்திருந்தது.

அதே 2008-இல் இன்னொரு செய்தியும் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த அக்கார்ட் ஆய்வில், நாள்பட்ட நோயும் இதய ஆபத்தும் உள்ள 10,251 பேரில் ஒரு பாதிக்கு எச்பிஏ1சியை 6-க்குக் கீழே இறக்க முயன்றார்கள். அந்தக் குழுவில் இறப்பு கூடியதால் அந்தச் சிகிச்சையைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. ஏன் என்பதற்கு இன்றும் ஒருமித்த விடை இல்லை. அவர்களுக்குத் தாழ்சர்க்கரை அடிக்கடி வந்தது என்பது மட்டும் தெரியும். தாழ்சர்க்கரையில் அட்ரினலின் பாய்கிறது, அட்ரினலின் தட்டணுவைத் திரளத் தூண்டும் பொருள்களில் ஒன்று. நம் வீடுகளில் ஊசி போட்டுக்கொண்டு விரதம் இருப்பவர்கள், மாத்திரை போட்டுவிட்டுக் கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வியர்வையும் படபடப்பும் வந்து சர்க்கரை வாயில் போட்டுக்கொண்டால் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். அந்த அரை மணி நேரத்தில் ரத்தத்துக்குள்ளும் சில மாறுதல்கள் நடந்திருக்கின்றன.

நடைமுறையில் நான் அடிக்கடி பார்க்கும் இன்னொரு விஷயம், மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது. "பல் பிடுங்கணும், டாக்டர், அதான் பத்து நாளா அந்த ரத்த மாத்திரையை நிறுத்திட்டேன்" என்பார்கள். ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. ஸ்டென்ட் என்பது வெறும் உலோகக் கம்பி. அதன் மேல் உறை படர்வதற்குள், தொட்டதற்கெல்லாம் எழும் தட்டணுக்களை அந்த மருந்துதான் அடக்கி வைத்திருக்கிறது. பல் எடுத்த இடத்தில் ரத்தம் கொஞ்சம் கூடுதல் நேரம் கசியும், பஞ்சைக் கடித்துக்கொண்டால் நிற்கும். பெரும்பாலான பல் சிகிச்சைக்கு ஆஸ்பிரினை நிறுத்தத் தேவையே இல்லை. நிறுத்த வேண்டிய அறுவை என்றால் இதய மருத்துவரைக் கேட்டு, எத்தனை நாள் என்று தெரிந்துகொண்டு நிறுத்துங்கள்.

கடைசியாக, அவசர நேரத்தைப் பற்றி. சர்க்கரை நோயில் நரம்புகள் மரத்துப்போவதால் சிலருக்கு நெஞ்சுவலியே வராமல் மாரடைப்பு வரும். காரணமில்லாத வியர்வை, திடீர் மூச்சுத்திணறல், தாடையிலோ மேல்வயிற்றிலோ ஒரு பாரம், என்றும் இல்லாத சோர்வு இவையெல்லாம் அதன் அடையாளமாக இருக்கலாம். வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். மாரடைப்பு என்ற சந்தேகம் வலுவாக இருந்து, ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவர் என்றால், 300 மில்லி கிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வார்கள். முழுங்குவதைவிட மென்றால் சீக்கிரம் வேலை செய்யும். ஆனால் வாய் கோணி, ஒரு கை தூக்க முடியாமல், பேச்சுக் குழறினால் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. அது மூளையில் ரத்தக்கட்டியா, ரத்தக்கசிவா என்பது வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. கசிவாக இருந்தால் அந்த மாத்திரை அதைப் பெருக்கும். முதலில் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பாருங்கள், தாழ்சர்க்கரையும் பக்கவாதம் போலவே வேடம் போடும். அது இல்லை என்றால், நோய்க்குறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொண்டு, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு நேராகக் கொண்டு போங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம், அங்கே அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி அந்த நேரம்தான்.